பன்றித் தலைக்கு முன்னால் ஒரு பிறந்த தேதி

கொரியாவின் சியோல் நகரத்தில் நடிகைகளைப் பார்க்க வேண்டுமானால் சினிமாக் கொட்டகைக்குப் போகாதீர்கள். தோக்கோ சாமியார் வீட்டுச் சந்துக்குப் போங்கள். தொப்பியும் முகமூடியுமாக வரிசையில் நிற்பார்கள். பிறந்த தேதியும் நேரமும் சொன்னால் போதும், நடந்தது, நடக்கப்போவது எல்லாம் புட்டுப் புட்டு வைப்பாராம். மூக்கை எந்த மாதம் அறுத்துத் திருத்தலாம் என்பதும் அவர் வாக்குத்தான். டாக்டர்கூட அவரைக் கேட்டுத்தான் கத்தியைத் தொடுகிறானாம்!

நான் நடிகை கரமின் வண்டியோட்டி. மாடலாக நின்று நடிகையான பெண். இப்போது எடுக்கிற டிவி நாடகத்தில்தான் முதன்முதலாகப் பாடவும் போகிறாள். மூன்று வருடம் வண்டியிலேயே பாடிப் பழகினாள். கேட்ட காது என்னுடையது.

படப்பிடிப்பின் முதல் நாள் பூஜை. அந்த ஊர் வழக்கப்படி மேசைமேல் அவித்த பன்றித் தலை, அதன் வாயில் காணிக்கைப் பணத்தாள். எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள். பன்றி மட்டும் சிரித்தது. கூட்டத்தில் புத்தி உள்ளது அது ஒன்றுதான்.

பூஜைக்கு வந்திருந்த தோக்கோ சாமியார் கண்ணை மூடினார். "இவ பிறந்த நேரத்துக்குப் பாட்டு ஆகாது. பாடினா நாடகம் படுத்துடும். என் சிஷ்யை ஒருத்தி இருக்கா, அவளைப் பாட வைங்க."

கரமுக்குக் கண் கலங்கிவிட்டது. கம்பெனி முதலாளி ஓக் தலையாட்டினார். "ஏழு வயசுல நீ ஆத்துல முழுகிப் பிழைச்சதைத் தேதியப் பார்த்தே சொன்னவராச்சேம்மா!"

எனக்குப் பொறுக்கவில்லை. "சாமி, தேதி தப்பா இருந்தா?"

"ஒரு மணி நேரம் தப்பினாலே வேற ஆளோட விதி வந்துடும்யா!"

"கரம், உன் அடையாள அட்டையை எடும்மா."

எடுத்துக் காட்டினாள். இரண்டு வயது கூட. மாதமும் வேறு. பள்ளிக்கூடப் பெண் வேஷத்துக்காகக் கம்பெனி குறைத்துச் சொன்ன தேதியைத்தான் சாமியார் கணித்திருந்தார்.

"சரி, ஆத்துல முழுகினது?"

கரம் சிரித்துவிட்டாள். "நான் ஆத்துப் பக்கமே போனதில்ல மாமா. டிவி பேட்டியில அழறதுக்கு முதலாளி எழுதிக் குடுத்த கதை அது!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "நீ பாடும்மா!" என்றார் இயக்குநர். சாமியார் செருப்பை மறந்து ஓடினார். பன்றி வாயிலிருந்த பணத்தை மறக்கவில்லை.

கரம் பாடத் தொடங்கினாள். அப்போதுதான் சாமியார் பின்னால் முதலாளி ஓக் ஓடினார். "சாமி, நில்லுங்க! சரியான தேதி தர்றேன், இன்னொரு வாட்டி பாருங்க!"

சாமியாராவது பிழைப்புக்குப் பொய் சொன்னான். தான் கட்டிவிட்ட பொய்யையே அடுத்தவன் வாயால் கேட்டுக் கும்பிடுகிறவனை என்னவென்பது? தலையை மேசையில் வைத்துவிட்டுப் போக நீங்கள் என்ன பன்றியா? கழுத்துமேல் இருக்கும்போதே கொஞ்சம் யோசியுங்கள்.