மலையடிவாரத்தில் சுனாமி ஒத்திகை

அன்பும் பண்பும் ஆமையும் நிறைந்த சகலை இராமலிங்கம் அவர்களுக்கு,

திருவண்ணாமலையிலிருந்து தருமன் எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நானும் சந்திரகலாவும் ஃபிரிட்ஜும் நலம். மரக்காணத்தில் நீங்கள், கொழுந்தியாள் கீர்த்தனா, கடல் எல்லோரும் நலமா?

ஆரஞ்சு ஜாக்கெட் போட்டு, விசில் மாட்டி, கையில் ஆமைக்குஞ்சோடு நீங்கள் பேப்பரில் வந்த படத்தை, வீட்டுக்குள் ஆமையே வரக்கூடாது என்கிற சந்திரகலா வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். தண்ணி எடுக்கப் போனால் நீங்கள், தயிர் எடுக்கப் போனால் நீங்கள். "அவரு ஊரையே காப்பாத்துறாரு, நீங்களும் இருக்கீங்களே"ன்னு தினம் ஒரு டோஸ். எனக்குப் பொறாமை கிடையாது, நான் ஒன்பதாவது வரை படித்தவன். ஆனால் அந்தக் கதவில் என் படமும் வரணும்னு முடிவு பண்ணி, நீங்கள் அங்கே நடத்துகிற மாதிரியே பௌர்ணமியன்று அடி அண்ணாமலையில் சுனாமி ஒத்திகை நடத்தினேன். கடல் எங்கே என்று கேட்டார்கள். "சுனாமி என்ன சொல்லிட்டா வரும்?" என்றேன், அடங்கிவிட்டார்கள். உங்கள் ஒத்திகை நோட்டீசில் இருந்தபடியே விசில் ஊதி, மேடான இடத்துக்கு ஓடுங்கள் என்று மைக்கில் கத்தினேன். எங்களிடம் மலையே இருக்கிறது, உங்களிடம் மணல்மேடுதானே. ஆனால் ஒருத்தரும் ஓடவில்லை, நின்று நிதானமாகச் செருப்பைக் கழற்றினார்கள். டீக்கடை வேடியப்பன் என் கையைப் பிடித்து, "மாமா, மலையே சாமி. அதுமேல கால வெச்சு ஏறச் சொல்றீங்களே. தண்ணி வந்தா வரட்டும், வேணும்னா சுத்தி வரோம்"னான். சொன்னபடி மொத்தக் கூட்டமும் கிரிவலம் கிளம்பிவிட்டது. வெளியூர் பக்தர்களும் சேர்ந்து லட்சம் பேர், கம்மியாகத்தான் சொல்கிறேன். நடுவில் மாட்டிக்கொண்ட நான் பேனரோடு பதினாலு கிலோமீட்டரும் சுற்றினேன். வழியில் புளியோதரை கொடுத்தார்கள். உங்கள் ஒத்திகையில் புளியோதரை உண்டா? ஒரு உயிர்ச்சேதம் கிடையாது, யாரிடமும் விசாரித்துக்கொள்ளலாம்.

மறுநாள் பேப்பரில் படமும் வந்தது, 'கிரிவலத்தில் திரளான பக்தர்கள்' என்று. மூன்றாவது வரிசையில் தெரியும் முதுகு என்னுடையது. சந்திரகலா கண்ணாடி போட்டுப் பார்த்து, "பரவால்ல, முழுசா நடந்திருக்கீங்க"ன்னு உங்களுக்குக் கீழே, காய்கறித் தட்டு உயரத்தில் ஒட்டினாள். ஒரே கதவில் இரண்டு தலைவர்கள் எதற்கு? அடுத்த வாரம் உங்கள் படத்தை எடுத்துவிடுவேன், வருத்தப்படக் கூடாது.

கீர்த்தனாவுக்கும் ஆமைகளுக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
தருமன்
தலைவர், கடலோர விழிப்புணர்வுக் குழு
(மலையோரக் கிளை)

பி.கு.: எழுதி முடித்த கையோடு டிவியில் உங்கள் பக்கம் புயல் என்றான். சந்திரகலா சாப்பிடவில்லை. உங்கள் படம் பசை விட்டுக் கீழே கிடந்தது. நான்தான் துடைத்து, சோற்றுப் பருக்கை வைத்து மேலேயே ஒட்டினேன், அவளிடம் சொல்ல வேண்டாம். ஊரையெல்லாம் கிளப்பிவிட்டுட்டுக் கடைசியா நிக்கிற ஆளு நீங்க. விசில் ஊதினா நீங்களும் ஓடணும் சகலை. கீர்த்தனாவைக் கூட்டிக்கிட்டு நேரா இங்க வந்துடுங்க. மலை இருக்கு. சாமிகிட்ட நான் பேசிக்கிறேன், செருப்ப மட்டும் கழட்டிட்டு ஏறுங்க.