தும்மலில் வந்த மரங்கொத்தி

அன்பு மகளுக்கு,

அப்பா ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். என் காதுகள் இரண்டும் நலம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ அனுப்பிய காது மிஷினைப் பெட்டி பிரிக்காமல் திருப்பி அனுப்பப் போகிறேன்.

அம்மா போனில் என்ன போட்டுக்கொடுத்தாள் என்று எனக்குத் தெரியும். நடந்தது இதுதான். ஞாயிறு காலை பறவை பார்க்கும் குழுவோடு நீர்த்தேக்கத்துக்குப் போனோம். கரைச் சேற்றில் ஓடிய உள்ளான் குருவியை எல்லோருக்கும் முன்னால் கண்டுபிடித்தவன் நான்தான். குழுத் தலைவரான பல் டாக்டரே "சார் கண்ணு கழுகுக் கண்ணு" என்று சொன்னார். அப்புறம் மரங்களுக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே இலை மறைப்பில் ஒன்றும் தெரியாது, குரலை வைத்துத்தான் பறவையைச் சொல்ல வேண்டுமாம். அதற்கு நானும் அம்மாவும் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம், சும்மா ஒரு வசதிக்கு: மாங்குயில் கூவினால் முழங்கையால் ஒரு இடி, மரங்கொத்தி தட்டினால் இரண்டு. நான் உடனே பெயரைச் சொல்லிவிடுவேன். இதுவரை ஒரு தப்பும் வந்ததில்லை. அன்றைக்கு இரண்டு இடி விழுந்தது, "மரங்கொத்தி!" என்று கத்தினேன், அத்தனை பைனாகுலரும் மேலே திரும்பின, ஒருத்தருக்கும் ஒன்றும் அகப்படவில்லை. டாக்டர் என் பக்கம் குனிந்து உரக்கச் சொன்னார்: "சார், மேடம் ரெண்டு தடவை தும்மினாங்க. கை தானா இடிச்சிருக்கு."

நீயே சொல், இதில் என் காது என்ன செய்தது? ஜலதோஷம் பிடித்தவள் அவள். வீடு வரும் வரை அம்மா வாயே திறக்கவில்லை, திறந்தாளோ என்னவோ. வாசலில் நின்று என் முகத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "நான் பக்கத்துல இல்லாத அன்னிக்கு உங்களை யாருங்க இடிப்பா?" குனிந்து செருப்பைக் கழற்றினேன். அவள் அப்படிக் கேட்டதற்காக மிஷின் மாட்டிக்கொள்வேன் என்று அர்த்தமில்லை.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நன்றாகக் காது கேட்கும் உன் அப்பா

பின்குறிப்பு: திருப்பி அனுப்பும் சாமான் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டாமா? அதற்காக மட்டும் பெட்டியைப் பிரித்து ஒரு காதில் மாட்டினேன். சமையலறையில் அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள். "எப்பலேருந்து பாட ஆரம்பிச்சே?" என்றேன். "நான் எப்பங்க நிறுத்தினேன்?" என்றாள். மறு காதுக்கும் ஒன்று சீக்கிரம் அனுப்பு.