ஒரு நூலும் பிரியாத மழைக்கோட்டு

படித்தவர்களுக்கு ஏதாவது அசிங்கம் நடந்தால் அதை 'அனுபவம்' என்று சொல்லிச் சமாளிப்பார்கள். எனக்கு நடந்ததை அப்படிச் சொல்ல இன்றுவரை வாய் வரவில்லை. மானம் போனது. அதுவும் நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில், பெற்ற தாயின் கண்முன்னால், கொட்டும் மழையில் போனது.

என் கலாநிதிப் பட்ட (பிஎச்.டி.) ஆய்வு, வெளி வேலைக்கு அணியும் உடைகளின் நிலைபேறும் அன்றாடப் பாவனையும் பற்றியது. மழைக்கோட்டு எத்தனை காலம் உழைக்கும், எங்கே முதலில் தேயும் என்றெல்லாம் பார்க்க வேண்டும். சூழலுக்குக் கேடு செய்யாத புதுவகைத் துணியில் தைத்த கோட்டுகள் சில எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தன. "யாரிடம் கொடுத்துப் பார்க்கலாம்?" என்று என் மேற்பார்வையாளர் மேடம் கேட்டதும், முதலாம் வகுப்புப் பிள்ளை மாதிரிக் கையைத் தூக்கினேன். கஹவத்தைப் பக்கம் எங்கள் தோட்டம். அம்மா கொழுந்து பறிக்கிறார். மழைக்கும் பஞ்சமில்லை.

அம்மாவுக்கும் அவருடன் பறிக்கிற பெண்களுக்கும் ஆளுக்கொரு கோட்டுக் கொடுத்தேன். மேடம் எனக்கும் ஒன்று தந்திருந்தார். "தினமும் மலைக்குப் போட்டுட்டுப் போங்க. என் பட்டமே இதுலதான் இருக்கு" என்று கெஞ்சிவிட்டுக் கொழும்புக்குத் திரும்பினேன். அதன்பிறகு வாராவாரம் தொலைபேசியில் விசாரணை.

"கோட்டுப் போட்டீங்களாம்மா?"

"போட்டோம் புள்ள."

"எங்கயாச்சும் கிழிஞ்சிருக்கா?"

"ஒரு நூலு பிரியல."

ஒருமுறை நேரில் போய், எல்லாக் கோட்டுகளையும் வாங்கி விரித்துப் பார்த்தேன். முழங்கையில் தேய்வில்லை, கொழுந்துக் கறையில்லை, சேறில்லை. (கோட்டுல பூச்சி உருண்டை வாசம் வேற அடிச்சுது. அப்பவாவது மூளை வேலை செஞ்சிருக்கலாம்.) கருத்தரங்கில் ஏறி, "மலைநாட்டு மழையிலும் கடும் பாவனையிலும் தேய்மானமே காணாத துணி" என்று முழங்கினேன். எல்லோரும் கைதட்டினார்கள். மேடம் மட்டும், "ஒரு தடவை நேரில் பார்க்கலாமே" என்றார்.

அந்த ஒரு தடவை சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில், கொடகவெலவுக்கு வேறு வேலையாகப் போயிருந்தோம். மழை பிடித்ததும் மேடம் உற்சாகமாகி, வேனை எங்கள் தோட்டத்துக்குத் திருப்பச் சொன்னார். அம்மாவுக்கு அழைத்தேன். மலையில் நிற்பவர் தொலைபேசியை எங்கே எடுப்பார்?

மலையில் பெண்கள் வரிசையாக நின்று பறித்துக்கொண்டிருந்தார்கள். தலையில் வெட்டிய உரப்பை, இடுப்பில் ஈரம் படாமல் சுற்றிய படங்குத் துணி. ஒருவர் உடம்பிலும் கோட்டு இல்லை.

"கோட்டுகள் எங்கே?" என்று மேடம் சிங்களத்தில் கேட்டார். பக்கத்து லயத்து வீட்டு ராணி அத்தை என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்துவிட்டு, சரளமான சிங்களத்தில் விளக்கம் கொடுத்தார். எல்லாம் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறதாம். தன்னுடையதை மட்டும் போன வாரம் மகளுக்குச் சீரோடு வைத்து வரக்காப்பொலவுக்கு அனுப்பிவிட்டாராம்.

அம்மா பதறிப்போய் ஓடிவந்தார். "அனே மிஸ், போட்டோம்! திருவிழாவுக்குப் போட்டோம், டவுனுக்குப் போட்டோம்!" என்று மேடத்திடம் சிங்களத்தில் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பித் தமிழில் குரலைத் தாழ்த்தினார். "புதுசை எவளாச்சும் மலைக்குப் போடுவாளா? கறை புடிச்சா போகுமா? நீ பாஸாகணும்னுதான் புள்ள எல்லாரும் ஆமான்னோம்."

உரப்பையிலிருந்து வழிந்த தண்ணீர் அம்மாவின் மூக்கு நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. தீபாவளிச் சட்டையை அடுத்த தீபாவளி வரை பூட்டிவைக்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். இவர்கள் புதுத் துணியை மலைக்குப் போடுவார்கள் என்று எப்படி நம்பினேன்? வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "மேடம், இது தரவு சேகரிப்பில் வரக்கூடிய ஒரு சிறிய..." என்று இழுத்தேன்.

மேடம் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் தொப்பலாக நனைந்திருந்தேன்.

"உனக்கும் ஒன்று தந்தேனே. அது எங்கே?"

பைக்குள் இருந்தது. பொலித்தீன் உறைக்குள், வந்த மடிப்புக் கலையாமல், விலைச்சீட்டோடு.

"மழையில் நனைந்துவிடுமே என்று..." என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. வேலையை மேற்பார்த்து நின்ற கங்காணி சிரித்தார். ராணி அத்தை கூடையோடு குலுங்கினார். மேடம் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார், குடை மட்டும் ஆடியது. பூமி பிளந்திருந்தால் கோட்டோடு உள்ளே போயிருப்பேன்.

அந்த அத்தியாயம் முழுவதும் குப்பைக்குப் போனது. நல்ல உடைகளை மக்கள் ஏன் போடாமல் வைத்திருக்கிறார்கள் என்று தலைப்பை மாற்றி, கூடுதலாக ஒரு வருடம் மாரடித்துப் பட்டம் வாங்கினேன். பட்டமளிப்பு அன்று கொழும்பில் மண்டையைப் பிளக்கும் வெயில். அம்மா பட்டுச் சேலைக்கு மேல் அந்த மழைக்கோட்டைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டு, வியர்வை ஆறாக ஓட வந்து நின்றார். மேடம் வாயைத் திறக்குமுன்பே முந்திக்கொண்டார்.

"இன்னைக்குப் போட்டிருக்கேன் மிஸ். நீங்களே பாத்துக்குங்க."

இப்போதும் தொலைபேசியில் "பிரஷர் மாத்திரை குடிச்சீங்களாம்மா?" என்று கேட்டால், "குடிச்சோம் புள்ள, ஒரு நூலு பிரியல" என்பார். பின்னால் அப்பா சிரிப்பது கேட்கும். நானும் சிரித்துவிட்டு, அடுத்த முறை ஊருக்குப் போனதும் முதல் வேலையாக மாத்திரைகளைத் தேடி அலுமாரியைத் திறந்து பார்ப்பேன்.