பதினைந்தாம் எண் சாம்பிள்

மருத்துவர் சீட்டு இல்லாமல் கருத்தடை மாத்திரையைக் கடையில் விற்கலாமா, கூடாதா என்று என் மகளும் மருமகனும் சாப்பாட்டு வேளையில் வழக்காடத் தொடங்கினால், சற்று நேரத்தில் இருவரும் வாதத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவ்வழக்கில் நான் பழைய குற்றவாளி என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எழுபதுகளின் பிற்பகுதி. போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் நான் கணக்கர். எட்டாம் வகுப்போடு பள்ளி என்னைக் கைவிட்டதால், தமிழை நானே பிடித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு குவளைத் தண்ணீரைக்கூட 'அருந்துதற்குச் சிறிது நீர்' என்று கேட்கும் அளவுக்கு அது எனக்குள் முற்றியிருந்தது. மனைவி செல்லத்தாய் மூன்று குழந்தைகளோடு சிலமலையில் இருந்தாள். சனிக்கிழமைதோறும் ஏலக்காய்ச் சாம்பிள் பையோடு ஜீப்பில் போடிக்கு இறங்கி, அதை மண்டியில் ஒப்படைத்துவிட்டு வீடு போய்ச் சேர்வேன், திங்கட்கிழமை மலையேறுவேன்.

அப்படிப் போயிருந்த ஒரு ஞாயிறன்று செல்லத்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சேலை கேட்டுக்கூட அவள் அவ்வாறு பிடித்ததில்லை.

"மூணாவதுக்கு இன்னும் பல்லு மொளைக்கல. எனக்கு எந்நேரமும் தலைவலி, எந்திரிச்சா கண்ணு இருட்டுது. இன்னொண்ணு தங்குச்சுன்னா இந்த ஒடம்பு தாங்காதுங்க. அதுக்கு மாத்திரை இருக்காம்ல? டவுன்ல வாங்கிக் கொண்டாங்க. வெரசா."

"ஆவன செய்கிறேன்" என்றேன்.

திங்கட்கிழமை காலை போடியில் ஒரு மருந்துக் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்றவர், "தூக்கம் வரலண்ணே, போன தடவ குடுத்தீகள்ல, அந்தச் செவப்பு மாத்திரை" என்றார். சீட்டும் இல்லை, கேள்வியும் இல்லை. ஐந்து மாத்திரை அவர் கைக்கு வந்தது. எனக்குத் தெம்பு பிறந்தது. இருந்தாலும் கூட்டம் கலையட்டும் என்று நின்றேன். சும்மா நிற்பது மரியாதையாக இராது என்பதால் ஓர் இருமல் மருந்து, ஒரு கட்டுத்துணி, தைலம் ஒரு புட்டி என்று வரிசையாக வாங்கினேன். (எனக்கு இருமலும் இல்லை, காயமும் இல்லை.) கடைசியில் குரலைத் தாழ்த்தி, "இல்லறத்தில் மகப்பேற்றைச் சற்றே ஒத்திவைக்கும் மாத்திரை உண்டா?" என்றேன்.

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். விளங்கியதும் முகம் மலர்ந்து, எதிர்ச்சாரி டீக்கடை வரை கேட்கும் குரலில் சொன்னார்: "அடடே, புள்ள வேணாங்குற மாத்திரையா! அதுக்கு டாக்டர் சீட்டு வேணும்ல அண்ணே!"

அங்கிருந்து டாக்டரிடம் போனேன். அவர் அறைக்குக் கதவு கிடையாது. பாதித் திரை மட்டும் தொங்கும். அதற்கு இப்பால் பக்கத்து ஊரான ராசிங்காபுரமும் எங்கள் சிலமலையும் பெஞ்சுகளில் அமர்ந்திருந்தன. பலர் எனக்கு உறவு.

"மாத்திரை யாருக்குய்யா?" என்றார் டாக்டர்.

"எங்களுக்கு, ஐயா."

"எங்களுக்குன்னா? நீயா முழுங்கப் போற? அந்தப் புள்ளையக் கூட்டிட்டு வா. பிரஷர் பாக்காம நான் அத எழுத மாட்டேன்."

திரைக்கு இப்பால் யாரோ சிரித்தார்கள். அத்துடன் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்தச் சபையின் நடுவே என் மனைவியைக் கொண்டுவந்து நிறுத்துவதில்லை! அவள் மானத்தைக் காப்பது என் கடமை என்று மலையேறும் வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டேன். (காக்கப்பட்டது எவருடைய மானம் என்பது வாசகர்களுக்கு விளங்கியிருக்கும்.)

எங்கள் ஜீப் ஓட்டுநர் கேரளத்துக்காரர். அவரிடம் சுற்றி வளைத்து விஷயத்தைச் சொன்னேன். "இதுக்கா இத்தர பேடி, கணக்கரே? நான் வாங்கித் தரும்" என்று என் பயத்தைக் கண்டு சிரித்தார். வெள்ளிக்கிழமை இரண்டு அட்டைகள் என் கைக்கு வந்தன. சீட்டு கேட்டார்களா, இல்லையா என்று நான் விசாரிக்கவில்லை.

இனி அவற்றைக் கீழே கொண்டுசெல்ல வேண்டும். என் சட்டைப் பையோ மெல்லிய துணி. உள்ளிருக்கும் பேனாவின் நிறம்கூட வெளியே தெரியும். ஜீப்பிலோ ஒருவர் மடியில் ஒருவராக ஆட்கள் அமர்வார்கள். அன்று பதினான்கு லாட்டுக்கு, அதாவது விற்பனைக் குவியலுக்கு, ஒவ்வொன்றாகச் சாம்பிள் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த எனக்கு ஓர் அபார யோசனை உதித்தது. மாத்திரை அட்டைகளையும் அதே பழுப்புக் காகிதத்தில் பொட்டலமாக்கி, ஒரு கைப்பிடி ஏலக்காயும் போட்டுக் கட்டினேன். அத்தோடு விட்டிருக்கலாம். எண்ணில்லாத பொட்டலத்தைப் பையில் வைக்கக் கணக்கனின் கை ஒப்பவில்லை. அழகிய எழுத்தில் '15' என்று எழுதினேன்.

போடியில் இறங்கியதும் அதை எடுத்துவிடுவதாகத் திட்டம். அந்தச் சனிக்கிழமை பார்த்து மண்டி ஆட்கள் ஜீப்பை வழியிலேயே மறித்து, பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் மூச்சிரைக்க ஓடிச் சேர்ந்தபோது பன்னிரண்டாம் எண்ணை முறத்தில் கொட்டி, நிறமும் காய் எத்தனை மில்லிமீட்டர் பருமன் என்றும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரித்துக் கொட்டியவர் பெருமாள். மண்டியில் தரம் பிரிப்பவர், செல்லத்தாயின் கூடப்பிறந்த அண்ணன்.

"மச்சான், பதினைந்தாவதைப் பிரிக்க வேண்டாம்!"

"ஏன் மாப்ளே? சீட்டுல பதினாலு லாட்டுதான இருக்கு. இது எங்குட்டிருந்து வந்துச்சு?" என்றபடியே கொட்டினார்.

முறத்தில் பச்சை ஏலக்காய்களின் மீது இரண்டு அட்டைகள் பளபளவென்று விழுந்தன. சுற்றியிருந்த வியாபாரிகள் குனிந்தார்கள். ஒருவர் அட்டையை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "காய் சிறுசா இருக்கே, எத்தனை மில்லி?" என்றார். இன்னொருவர், "நெறம் நல்லா ஏறல" என்றார். மண்டி அதிர்ந்தது. பெருமாளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "இது எந்தங்கச்சிக்கா மாப்ளே?" என்று தணிந்த குரலில் கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அன்று என் இலக்கணம் எனக்கு உதவவில்லை.

அட்டைகளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். ஒன்பது பிள்ளை பெற்ற மண்டி முதலாளி பின்னாலேயே வந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "கணக்கரே, அது எங்கன கெடைக்குது?" என்று காதில் கேட்டார். சற்று முன் மில்லி கேட்டவரும் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றார்.

மாலையில் நான் வீடு சேருமுன் மண்டிச் செய்தியும் டாக்டர் அறைச் செய்தியும் சேர்ந்துவிட்டன. செல்லத்தாய் அட்டையைக் கையில் வாங்கவில்லை.

"டாக்டரு என்னைய வரச்சொன்னாராமே, எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உனக்குக் கூச்சமாக இருக்குமே என்று..."

"மூணு பெத்தவளுக்கு என்னங்க கூச்சம்? பெறாத ஒங்களுக்குத்தான் கூச்சம்!"

திங்கட்கிழமை அவளே முன்னால் நடந்தாள். கையில் பட்டியைக் கட்டி அழுத்திப் பார்த்த டாக்டரின் முகம் மாறியது. "இவ்வளவு பிரஷரா? தலைவலி அதான். இந்த மாத்திரையத் தொடவே கூடாது, தாயி. நல்லவேளை, இந்த ஆளு வாங்கிட்டு வரல." நான் சட்டைப் பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.

"அப்ப வேற வழி?" என்றாள் அவள்.

டாக்டர் திரும்பி என்னை நிதானமாகப் பார்த்தார். "இருக்கே. ஒனக்கு ஆபரேசன் செஞ்சா பத்து நிமிசச் சோலி. சீட்டுக்கூட வேணாம்." திரைக்கு இப்பால் சிலமலையே கைகொட்டியது.

அடுத்த வாரம் அந்தச் சோலி முடிந்தது. நான்காவது குழந்தை பிறக்கவில்லை. செல்லத்தாய் இன்று வரை திடமாக இருக்கிறாள்.

சீட்டு வேண்டுமா, வேண்டாமா? சீட்டுக்கு முன்னால் கேட்கும் கேள்விகள் கட்டாயம் வேண்டும். அவற்றைக் கேட்கும் அறைக்கு ஒரு கதவும் வேண்டும் என்பது என் தீர்ப்பு. அதை இலக்கணச் சுத்தமாக நான் எடுத்துரைக்கும்போதெல்லாம் செல்லத்தாய் எழுந்து அடுக்களைக்குள் போவாள். போடியிலிருந்து வந்த ஏலக்காய்ப் பொட்டலத்தை எடுத்துவந்து முறத்தில் கொட்டி, எல்லோர் முன்னாலும் ஒரு குலுக்குக் குலுக்கிச் சொல்வாள்:

"பாத்துட்டேன். இதுல வெறும் காய்தான் இருக்கு."