சாமைக் கொல்லையில் ஒரு வட்டம்

தனிமை என்பது கலைஞருக்கு ஒரு தகுதி என்று இருபத்தாறு வயதில் நம்பினேன். (அது வெறும் தனிமைதான் என்று பிறகு தெரிந்தது.) அந்த நம்பிக்கையில்தான் சென்னையை விட்டு, ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில் அறை எடுத்து ஒரு மாதம் தங்கினேன். அந்த மாதம் முழுக்க நான் அதிகம் பேசியது, சாமான் ஏற்றி வந்த ஜீப் டிரைவர் முருகேசனிடம். அதுவும் ஒரே வாக்கியம்: "மெதுவாப் போங்கண்ணா."

அறுவடை முடிந்த சாமைக் கொல்லை ஒன்றைக் கேட்டு வாங்கி, நாற்பதடி அகலத்துக்கு எல்.இ.டி. விளக்குகளால் வட்டம் அமைத்தேன். பெயர் 'முழுமை'. வட்டத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை என்று நான்கு பக்க விளக்கம் வேறு. முப்பது நண்பர்களை அழைத்திருந்தேன். திறப்பு நாளான சனிக்கிழமை மதியத்துக்குள் இருபத்தெட்டுப் பேர் வரமுடியவில்லை என்று சொல்லிவிட்டார்கள். மீதி இரண்டு பேர் அதையும் சொல்லவில்லை.

மாலை ஆறே முக்காலுக்கு, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, ஆளில்லாத கொல்லையில் நானே விளக்கைப் போட்டேன்.

பத்து நிமிடத்தில் வரப்பில் டார்ச் வெளிச்சம். நாற்பது பேர் இருக்கும். துவைத்த சட்டை, தலை நிறையப் பூ, கையில் காகிதம். (கவிதை எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்களோ என்றுகூட நினைத்தேன்.) ஒருவரும் வட்டத்துக்குள் கால் வைக்கவில்லை. இப்படி ஒரு மரியாதையா என்று பூரித்து, விளக்கத்தை வாசிக்க ஆரம்பித்தேன். இரண்டாம் பக்கத்தில் கொல்லைக்காரர் மனைவி காசியம்மாள் குறுக்கிட்டார்.

"அது இருக்கட்டும்மா. எத்தினி மணிக்கு எறங்குவாங்க?"

"யாருங்க?"

"மந்திரிதான். ஹெலிகாப்டர் எறங்கத்தானே வட்டம் போட்டுகிறீங்க? திருப்பத்தூர்ல இப்டித்தான் போட்டாங்கன்னு முருகேசன் சொன்னான்."

காகிதங்கள் எல்லாம் மனுக்கள். தினமும் பஸ் வேண்டும். போன மழையில் காசியம்மாளின் மகளைப் பிரசவத்துக்குக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள்.

"யாரும் வரலைங்க" என்றேன்.

"அப்ப இது இன்னாத்துக்கு?"

நான்கு பக்கத்தையும் மடித்துக்கொண்டேன். "சும்மா பாக்கறதுக்குங்க."

வட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "நல்லாத்தான் கீது" என்றார். பிறகு தன் மனுவை என் கையில் வைத்தார். "கீழ போறப்ப நீயாச்சும் குட்த்துடும்மா." மற்றவர்களும் வைத்தார்கள். டார்ச்சுகள் ஒவ்வொன்றாகச் சரிவில் இறங்கி மறைந்தன. வட்டத்து விளக்குகளின் பேட்டரி தீரும்வரை அங்கேயே நின்றேன்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்று இருபத்திரண்டு மனுக்களைக் கொடுத்தேன். தினசரி பஸ் இன்னும் வரவில்லை.

வேலூரில் அக்கா வீட்டுக் கதவை நான் தட்டினால், உள்ளேயிருந்து மாமா இன்றும் கேட்பார்: "யாரு, மந்திரியா?" குழந்தைகள் கைகளை விரித்து ஹெலிகாப்டர் போலச் சுற்றுவார்கள். நானும் சிரிப்பேன். ஒன்றை மட்டும் அவர்களிடம் சொன்னதில்லை. இதுவரை என் படைப்புக்கு வந்ததிலேயே பெரிய கூட்டம் அந்த நாற்பது பேர்தான். அவர்களும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.