பிணம் எதைப் பார்த்தது?

நன்னிலம்,
ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை

மரியாதைக்குரிய கோவிந்தராசு அண்ணனுக்கு,

உங்கள் தங்கை வானதி எழுதுவது. இங்கே நானும் அவரும் குழந்தை எழில்மொழியும் என் மாமியாரும் சௌக்கியம். கீழ்வேளூரில் நீங்களும் செவ்வந்தி அண்ணியும், மாடு கன்றுகளும், குறுவைப் பயிரும் சௌக்கியம் என்று கேள்விப்பட்டேன். உங்கள் கோபமும் சௌக்கியமாக இருக்கிறதாம். அது ஒன்று மட்டும் கொஞ்சம் இளைக்கட்டும் என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். போனில் என்னை பிளாக் செய்தீர்கள், அவரை பிளாக் செய்தீர்கள், உங்களை ஒரு வார்த்தை சொல்லாத என் மாமியாரையும் பிளாக் செய்தீர்கள். தபால்காரரை பிளாக் செய்ய முடியாது என்பதால் இந்தக் கடிதம். பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதற்குப் பிறகு நான் கையால் எழுதும் முதல் கடிதம் இதுதான், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் அந்த வெப்சைட் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் வேலைவெட்டி இல்லாமல் அதை ஆரம்பித்தேன் என்று நீங்கள் ஊரெல்லாம் சொல்வதாகக் கேள்வி. வேலை இருந்ததால்தான் அண்ணா ஆரம்பித்தேன். என் இ-சேவை மையத்துக்குப் பட்டாவுக்கும் அடங்கல் சான்றுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் வருகிறவர்கள் சர்வர் படுத்துவிட்டால் என்னைத்தான் பிடித்துக்கொள்வார்கள், நானே போய் அந்தச் சர்வரைப் படுக்கவைத்துவிட்டு வந்தேன் என்கிற மாதிரி. ஒருநாள் சண்டை முற்றி ஒருவர் நாற்காலியைத் தூக்கிவிட்டார். பயத்தில் என் கூட வேலை பார்க்கும் மெஹராஜ் பேகம் கம்ப்யூட்டரில் எதையோ தட்ட, ஒரு பழைய படத்தின் கோர்ட்டு சீன் ஓடியது. நீதிபதி "ஆர்டர் ஆர்டர்" என்று தட்டுகிறார், சுத்தியலின் தலை கழன்று எங்கோ பறக்கிறது, அவர் வெறும் குச்சியாலேயே தட்டித் தீர்ப்பும் சொல்லிவிடுகிறார். நாற்காலியைத் தூக்கியவர் அதைக் கீழே வைத்து அதிலேயே உட்கார்ந்து, "இன்னொருவாட்டி போடும்மா" என்றார். அன்றிலிருந்து சர்வர் படுக்கும்போதெல்லாம் ஒரு மோசமான சீன். வந்தவர்கள் வீட்டுக்குப் போயும் பார்க்க வேண்டும் என்றார்கள். அப்படிப் பிறந்ததுதான் 'சொதப்பல் கொட்டகை'.

அதில் நாங்கள் யாரையும் கேவலப்படுத்துவதில்லை. தெரிந்தே மோசமாக எடுத்ததை நாங்கள் தொடுவதேயில்லை. எடுத்தவரும் நடித்தவரும் மனதார உழைத்திருக்க வேண்டும், அப்படியும் சொதப்பியிருக்க வேண்டும், அதுதான் எங்கள் கணக்கில் நல்ல சீன். அது ஏன் மனுஷனுக்கு இவ்வளவு சந்தோஷம் கொடுக்கிறது என்று எனக்கு இன்னும் புரியவில்லை, அதைக் கண்டுபிடிக்கத்தான் பாதி நாள் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நம்ம பக்கத்து ஆட்கள் பார்க்கிற விதமே வேறு. கதாநாயகி பாட்டுப் பாடிக்கொண்டே நடவு நடுகிற சீனைப் போட்டால் ஒருவரும் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. "அந்தப் புள்ள கையில இருக்கறது நாத்து இல்ல, கோரை" என்று கீழே எழுதுகிறார்கள். பாட்டின் இரண்டாம் சரணத்திலேயே கதிர் முற்றிவிட்டது, என்ன ரகம் என்று விசாரிக்கிறார்கள்.

இந்த நிலைமையில்தான் போன மாசம் யாரோ ஒரு சீனை அனுப்பினார்கள். ஆற்றங்கரை, பச்சை மூங்கில் பாடை, அதன் மேல் நரைத்த தாடியோடு ஒரு பிணம். கதாநாயகன் "அப்பா!" என்று விழுந்து புரள்கிறான். பின்னால் வயலின் அழுகிறது. வேறு சத்தமே இல்லை. திடீரென்று பிணம் தலையைத் தூக்குகிறது. இடதுபக்கமாகத் திரும்பி எதையோ நன்றாகப் பார்க்கிறது. பிறகு நிதானமாகப் படுத்துக்கொள்கிறது. படுக்கும்போது லேசாகச் சிரிக்கவும் செய்கிறது. கதாநாயகன் எதையும் கவனிக்காமல் புரண்டுகொண்டே இருக்கிறான். நானும் மெஹராஜும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். மறுபடி போட்டுப் பார்த்தபோதுதான் அந்தக் காதுமடலில் இருந்த மச்சம் என் கண்ணில் பட்டது. அண்ணா, அது உங்கள் மச்சம். நீங்கள் இளவட்டமாக இருந்தபோது ஒரு படத்தில் தலைகாட்டியதாக அம்மா சொல்லியிருக்கிறாள், தலையை இப்படிக் காட்டினீர்கள் என்று சொல்லவில்லை. அம்மா சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: பிணமாக நடிக்க வந்த நாடகக்காரர் பாடையைப் பார்த்ததும், "இந்த வயசுல இதுல படுத்துப் பழகிக்க வேணாம்" என்று பஸ் ஏறிவிட்டார். சினிமாப் பைத்தியமாக இருந்த நீங்கள், "நான் படுக்குறேன்" என்று முன்னால் போய் நிற்க, உங்களுக்கு நரைத்த தாடியை ஒட்டிப் படுக்கவைத்தார்கள். உயிரோடு பாடையில் படுத்ததற்காக அம்மா உங்களை விளக்குமாற்றால் அடித்தாள். எனக்கோ அந்த வருஷம் என்றால் காய்ச்சலில் கிடந்ததும், அம்மா என்னை வேளாங்கண்ணிக்குத் தூக்கிப் போய் மெழுகுவத்தி ஏற்றியதும்தான் ஞாபகம். அஞ்சு வயதுப் பிள்ளைக்கு வேறென்ன ஞாபகம் இருக்கும்?

உங்கள் கௌரவத்தைக் காப்பாற்றத்தான் 'பெயர் தெரியாத பிணம்' என்று போட்டேன். அதோடு விட்டிருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதம் இல்லை. என் புத்தி சும்மா இருக்கவில்லை. இந்தப் பிணம் எதைத்தான் பார்த்தது என்று யோசித்து யோசித்துத் தூக்கம் போய், அதையே போட்டியாக வைத்துவிட்டேன். சரியான பதிலுக்கு ஒரு தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை பரிசு. அவ்வளவுதான், உலகத்திலிருக்கிற நம்மூர்க்காரர்கள் அத்தனை பேரும் கிளம்பி வந்துவிட்டார்கள். வாய்க்காலில் முறைத் தண்ணீர் வந்த நேரத்தில் பக்கத்து வயல்காரன் மடையைத் திருப்பியிருப்பான், அதுதான் பிணத்துக்குப் பொறுக்கவில்லை என்று ஓய்வுபெற்ற லஸ்கர் ஒருவர் எழுதினார். அவர் ஆயுசு முழுக்க மதகு திறந்து மூடியவர், அதனால் அவருக்கு ஆதரவு அதிகம். நாற்றங்காலில் ஆடு இறங்கியிருக்கும் என்று ஒரு கட்சி. சாப்பாட்டு வண்டி வந்திருக்கும் என்று ஒரு கட்சி. சிங்கப்பூரிலிருந்து ஒருவர், கரையில் கதாநாயகி முகம் கழுவிக்கொண்டிருந்திருப்பாள் என்று எழுத, அவர் மனைவியே கீழே வந்து, "வீட்டுக்கு வாங்க பேசிக்கலாம்" என்று எழுதினார். கல்லூரி வாத்தியார் ஒருவர், இழந்த நிலத்தை இறந்தவன் திரும்பிப் பார்க்கிறான், இது இயக்குநரின் உயர்ந்த குறியீடு என்று நாலு பக்கம் எழுதியிருந்தார். அதைப் படித்து முடித்தபோது நானே ஒரு நிமிஷம் எழுந்து நின்றுவிட்டேன்.

ஆனால் அது கீழ்வேளூர் வரைக்கும் வரும் என்று நான் நினைக்கவில்லை அண்ணா. உங்கள் தெருக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையின் நண்பர்கள் வைத்த ஃபிளெக்ஸில் தலைவர்கள் படம் இருக்க வேண்டிய இடத்தில் தலைதூக்கிய உங்கள் படம் இருந்ததும், பக்கத்தில் 'விருந்துக்கு நானே எழுந்து வருகிறேன்' என்று போட்டிருந்ததும், பிறகு விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று பேச நீங்கள் எழுந்தபோது பின்வரிசையிலிருந்து ஒருவன், "ஐயய்யோ, எந்திரிச்சிருச்சுடா!" என்று கத்தியதும், அதிகாரிகளே குனிந்து சிரித்ததும் எனக்கு அப்புறம்தான் தெரியும். மச்சத்தை அடையாளம் கண்டது நான் மட்டும் இல்லை போலிருக்கிறது. கடைமடைத் தண்ணீர் விஷயத்தை அன்றைக்கு யாரும் காதில் வாங்கவில்லை என்று கேட்டதும் எனக்கு உண்மையாகவே வருத்தமாகிவிட்டது.

சரி, நேரில் போய்ச் சமாதானம் பேசி அப்படியே குழந்தையின் காதுகுத்துக்கும் அழைத்துவிடலாம் என்றுதான் தாம்பூலத் தட்டோடு போன ஞாயிற்றுக்கிழமை வந்தோம். மெஹராஜையும் கூட்டி வந்தது என் தப்பு. எங்களைப் பார்த்ததும் நீங்கள் கட்டிலில் மல்லாந்து படுத்து, துண்டை எடுத்துக் கழுத்துவரை போர்த்திக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். நான் அழுகிற நிலைமையில்தான் இருந்தேன் அண்ணா. "தாய்மாமன் நீங்க இல்லாம எம் புள்ளைக்கு யாருண்ணா இருக்கா?" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து மெஹராஜ் என் காதோரம், "இப்ப தலையைத் தூக்குவாரு பாருக்கா" என்றாள். நீங்களும் தூக்கினீர்கள். நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. தட்டிலிருந்த எலுமிச்சம்பழம் உருண்டு உங்கள் கட்டிலுக்கடியில் போக, என் வீட்டுக்காரர் அதை எடுக்கக் குனிந்து அங்கேயே கொஞ்ச நேரம் சிரித்துவிட்டுத்தான் வெளியே வந்தார். "போங்க எல்லாரும்" என்றீர்கள். வந்துவிட்டோம்.

இப்போது விஷயம் என்னவென்றால், முகூர்த்தம் வருகிற வெள்ளிக்கிழமை. என் மாமியார் மங்களாம்பிகை, "உங்க அண்ணன் வரலைன்னா என்ன, உங்க பெரியப்பா வழியில ஒரு மாமன்காரன் இருக்கானே, அவன் மடியில ஒக்கார வெச்சுக் குத்திடுவோம்" என்கிறார்கள். அவனும் புது வேட்டி வாங்கிவிட்டானாம். ஒன்பது வருஷம் கோயில் கோயிலாக நடந்து பெற்ற பிள்ளை அண்ணா இவள். பிரசவத்தன்று ஆஸ்பத்திரி வாசலில் ராத்திரி முழுக்க நின்றது நீங்கள். உங்கள் மடி இல்லையென்றால் காதே குத்த வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். மாமியார் என்னோடு பேசுவதை நிறுத்தி இரண்டு நாளாகிறது, வீட்டில் கொஞ்சம் அமைதியாகத்தான் இருக்கிறது.

எனவே இன்று காலை அந்தச் சீனை எடுத்துவிட்டேன். போட்டியையும் எடுத்துவிட்டேன். வெப்சைட்டையே மூடு என்றாலும் மூடிவிடுகிறேன், எனக்கு வேறு பொழுதுபோக்கு இல்லாமல் இல்லை, அடங்கல் இருக்கிறது. பிணம் எதைப் பார்த்தது என்று இனி என் வாயால் கேட்க மாட்டேன். நீங்களும் சொல்ல வேண்டாம். தெரிந்துகொள்ளாமலே செத்துப்போனாலும் போகிறேன். நீங்கள் வந்து உட்கார்ந்தால் போதும்.

அண்ணிக்கு என் அன்பு. மாட்டுக்குக் கழிச்சல் நின்றதா என்று எழுதச் சொல்லவும். உங்கள் வயலில் கதிரும் உங்கள் மனதில் இரக்கமும் நன்றாக முற்றி வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, உங்கள் காலைத் தொட்டு வணங்கும்,

தங்கை
வானதி

பின்குறிப்பு: மேலே எழுதியதில் சீனை எடுத்துவிட்டேன் என்றதை அடித்துவிட்டுப் படிக்கவும். கவரை ஒட்டுகிற நேரத்தில் செவ்வந்தி அண்ணி போன் செய்தார்கள். "ஏண்டி, அந்தப் படத்தை எங்கடி காணோம்? காலையிலேருந்து உங்க அண்ணன் போனைத் தட்டித் தட்டிப் பார்த்துட்டுச் சோறு வேணாம்னு ஒக்காந்திருக்காரு" என்றார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கோபம் அதைப் போட்டதற்குத்தானே என்று கேட்டேன். "ஊரு சிரிச்சதுக்கா அவருக்குக் கோபம்? தினம் சாயங்காலம் டீக்கடையில அவரே நாலு பேருக்குக் காட்டுறாரு. 'பிணம் எதைப் பார்த்துச்சு'ன்னு நீ போட்டி வெச்ச பாரு, அதுதான் அவருக்குத் தாங்கல. அன்னிக்கு ஒங்க அம்மா இடுப்புல நீ இருந்தியாம். பாடையில அண்ணனைப் பார்த்துட்டு நெசமாவே செத்துட்டாருன்னு, 'அண்ணா எந்திரி, அண்ணா எந்திரி'ன்னு ஒரே அலறலாம். அவரு தலையைத் தூக்கி உன்னையப் பார்த்து, உசுரோடதான் இருக்கேன்னு காட்டிட்டுப் படுத்தாராம். ஃபிலிம் தீர்ந்துபோச்சாம், இன்னொருவாட்டி எடுக்க முடியல. அடுத்த படத்துல வேஷம் தர்றேன்னு சொன்ன டைரக்டரு வைஞ்சு அனுப்பிட்டாராம். உனக்கு மறுபடி காய்ச்சல் வந்துரும்னு நீ அலறுன பேச்சை மட்டும் ஒங்க அம்மா யாரையும் எடுக்க விடல. 'உலகத்துக்கெல்லாம் கேள்வி வெக்கிறா, பதில் அவதான்னு அவளுக்குத் தெரியல'ன்னு மனுஷன் பொலம்புறாரு" என்றார்கள்.

அண்ணா, சீனைத் திரும்பப் போட்டுவிட்டேன். அழுதுகொண்டே போட்டதால் இரண்டு தடவை பதிவாகியிருக்கிறது, மெஹராஜ் வந்து சரிசெய்வாள். 'பெயர் தெரியாத பிணம்' என்பதை எடுத்து, 'கோவிந்தராசு, கீழ்வேளூர், என் அண்ணன்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன். வயலின் மட்டும் கேட்கிற இடத்தில் என் சத்தம் இருந்திருக்கிறது. படுக்கும்போது நீங்கள் சிரித்ததை இத்தனை நாளும் இரண்டாவது சொதப்பல் என்று எழுதி வைத்திருந்தேன், அதை அழித்துவிட்டேன். லஸ்கருக்குப் பரிசு இல்லை, பொம்மை உங்களுக்குத்தான். வெள்ளிக்கிழமை ஊசியைப் பார்த்ததும் எழில்மொழி என்னை மாதிரியேதான் அலறுவாள். நீங்கள் அவளைப் பார்த்து அன்றைக்குச் சிரித்த மாதிரி ஒரு தடவை சிரித்தால் போதும். வாங்க அண்ணா.