ஜெர்மனிக்கார அம்மாவை விசாரித்த கதை

"யுனிவர்சிட்டி பெருசா இருந்தா என்னம்மா? மேல நின்னு வேல வாங்குற கங்காணி எப்பிடின்னு பாக்க வேணாமா?" என்றார் அப்பா யாகோப்பு.

நிஷாலினி தலையில் கை வைத்துக்கொண்டாள். பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம், அதாவது பிஎச்.டி., படிக்க அவளுக்கு இரண்டு இடங்கள் கிடைத்திருந்தன. ஒன்று மெல்பர்ன், மற்றது ஜெர்மனி. ஹல்துமுல்லைத் தேயிலைத் தோட்டப் பக்கம் எந்த லயத்து வீட்டுப் பிள்ளையும் எட்டாத படிப்பு. மாலை ஐந்துக்குள் ஒன்றுக்குச் சரி சொல்லாவிட்டால் இரண்டும் கைவிட்டுப் போய்விடும். அவள் மனசு முழுக்க ஜெர்மனிப் பேராசிரியர் ஹெல்காவிடம்தான் இருந்தது. அந்த அம்மாவின் கட்டுரைகளைப் படித்துத்தான் அவளுக்குப் பௌதிகப் பைத்தியமே பிடித்தது.

"அவங்க நல்லவங்கப்பா."

"போட்டோவுல எல்லாரும் நல்லவங்கதான். நாலு வருசம் அந்தம்மா கைக்குக் கீழ இருக்கப் போற. விசாரிக்காம பொண்ண அனுப்புவாங்களா?"

பெண் கொடுக்கிற இடமென்றால் அக்கம்பக்கத்தில் விசாரிக்காமல் யாகோப்பு ஓரடி எடுத்து வைக்க மாட்டார். மூத்தவளுக்கு ஹாலிஎலயில் பார்த்த மாப்பிள்ளை மொடாக்குடியன் என்று சொன்னதே அவன் பக்கத்து வீட்டுக்காரன்தான். அந்தத் தெம்பில், ஜெர்மனியில் அந்தப் பேராசிரியரின் ஊரிலேயே ஹோட்டல் வேலை பார்க்கும் அக்கா மகன் சதீஸ்குமாருக்கு, இரண்டு இடங்களையும் சொல்லி, மகளுக்குத் தெரியாமல் முதல் நாளே போன் போட்டிருந்தார்.

மத்தியானம் சதீஸ்குமார் கூப்பிட்டான்.

"மாமா, அந்த மேடம் வீட்டுல சண்ட சச்சரவு உண்டா, குடிப்பாங்களான்னு பக்கத்து வீட்டம்மாகிட்ட கேட்டேன். பொலிச கூப்பிடுவேன்னு கதவச் சாத்திருச்சு."

"வெறுங்கையோட போனியா? ஒரு சீப்பு வாழப்பழம் வாங்கிட்டு நேரா அந்த மேடத்துக்கிட்டயே போய்ப் பேசு. நான் அனுப்புனேன்னு சொல்லு."

அப்படியே சொன்னான் அந்தப் புத்திசாலி. சற்று நேரத்தில் நிஷாலினியின் போனுக்குப் பேராசிரியரிடமிருந்து செய்தி வந்தது: 'வாழைப்பழத்தோடு ஒருவர் என் வாசலில் நிற்கிறார். நான் குடிப்பேனா என்று உன் அப்பாவுக்குத் தெரிய வேண்டுமாம். என்ன இது?'

நிஷாலினி போனை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "என்னப்பா செஞ்சு வச்சிருக்கீங்க?"

"நம்ம வழக்கத்த எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்குவாங்க," என்றாள் அம்மா லூசியா.

அவ்வளவுதான், யாகோப்பு மகளின் போனைப் பறித்துத் தமக்குத் தெரிந்த இங்கிலீஷில் பேசி அனுப்பியே விட்டார். "மேடம், நோ ஆங்கிரி. திஸ் லைக் மேரேஜ். யூ டேக் மை டோட்டர், ஐ ஆஸ்க் யுவர் கேரக்டர்."

அந்தப் பக்கம் கேட்டுவிட்டதாக நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை. நாலு மணியாகியும் வரவில்லை.

"இனி அவங்க முகத்துல எப்பிடிப்பா முழிப்பேன்?" என்று நிஷாலினி அழுதுவிட்டாள். பிள்ளை ஆசையில் நாமே மண்ணைப் போட்டுவிட்டோமே என்று யாகோப்பு நொந்துகொண்டார்.

ஐந்துக்குக் கொஞ்சம் முன்பு, சிக்னல் நன்றாகக் கிடைக்கும் கோயில் மேட்டில் அப்பா அம்மாவோடு நின்று, ஜெர்மனிக்கு முடியாதென்றும் மெல்பர்னுக்குச் சரியென்றும் அவள் அனுப்பினாள்.

"விடும்மா, இனி அந்தம்மாவ நீ ஜென்மத்துக்கும் பாக்கப் போறதில்ல," என்று தேற்றினாள் லூசியா.

யாகோப்பின் போன் அடித்தது. சதீஸ்குமார்தான்.

"மாமா, பக்கத்து வீட்டம்மா இப்பத்தான் கொஞ்சம் மனசு எறங்கிச் சொல்லுச்சு. புது வேல திடீர்னு உறுதியாகி மேடம் வீட்டக் காலி பண்றாங்களாம், அடுத்த மாசம் மெல்பர்ன்ல நம்ம பிள்ளைக்கு எடம் கெடச்ச அதே யுனிவர்சிட்டிக்கு, பௌதிகத் துறைத் தலைவியாப் போறாங்களாம்."